கைமாறி வரும் தொட்டில்: கழுவ முடிந்ததும் கழுவ முடியாததும்



பிறக்கவிருக்கும் குழந்தைக்காகத் தொட்டில், தள்ளுவண்டி, மெத்தை, பால்புட்டி, காரில் பொருத்தும் இருக்கை என ஒரு நீண்ட பட்டியல் இன்று நம் இல்லங்களில் எழுதப்படுகிறது. இவற்றுள் பலவும் ஓராண்டு, ஈராண்டுக்கு மேல் பயன்படுவதில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பிய உறவினர் வீட்டிலோ அடுத்த தெருவிலோ அதே பொருள் துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்டிருக்கும். ஆயினும், "யாரோ பயன்படுத்தியது, நஜீஸாக இருக்கும்" என்று அதனை ஒதுக்கிவிட்டுத் தவணைக் கடனில் புதியது வாங்குவோர் பெருகி வருகின்றனர். அந்தத் தவணையில் வட்டி கலந்திருக்கிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. வெறும் சந்தேகத்திற்கு அஞ்சி, உறுதியாக விலக்கப்பட்ட ஒன்றில் விழும் நிலை இது. மறுபுறம், கிடைத்ததை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுக் குழந்தையைப் படுக்க வைப்போரும் உள்ளனர். இரண்டும் மார்க்கம் காட்டும் நடுவழி அன்று.

ஒரு பொருள் தூய்மையானது என்பதே அதன் அடிப்படை நிலை. அசுத்தம் பட்டது உறுதியாகத் தெரிந்தாலன்றி, ஐயத்தை மட்டும் வைத்து அதனை நஜீஸ் என்று தீர்ப்பளிக்க இயலாது. இதில் ஃபிக்ஹு அறிஞர்கள் உறுதியாக உள்ளனர். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதார்கள். குழந்தையின் ஆடையையும் உடலையும் தூய்மையானவையாகவே கொள்ள வேண்டும் என்பதற்கு அறிஞர்கள் இதனைச் சான்றாகக் காட்டுகின்றனர். பிற சமயத்தவர் வீட்டிலிருந்து வந்த பொருள் பற்றியும் பலர் தயங்குகின்றனர். பயணத்தில் தண்ணீர் இல்லாதபோது, இணைவைக்கும் பெண் ஒருவரின் தோற்பையிலிருந்த நீரை நபியவர்களும் தோழர்களும் பயன்படுத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அந்தத் தயக்கத்திற்கு இதுவே போதிய விடை.

அசுத்தம் பட்டிருப்பது தெரிந்தாலும் வழி கடினமானதன்று. உம்மு கைஸ் (ரலி) அவர்கள், இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் மகனை நபியவர்களிடம் கொண்டு வந்தபோது, அக்குழந்தை நபியவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்தது. நபியவர்கள் தண்ணீர் வரவழைத்து அந்த இடத்தில் தெளித்தார்கள், ஆடையைக் கழுவவில்லை. இதனடிப்படையில், இரண்டு வயது நிறையாத, பாலையே உணவாகக் கொண்ட ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடம் முழுதும் நனையத் தண்ணீர் தெளித்தால் போதும் என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. பெண் குழந்தையாயின் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டையும் கழுவ வேண்டும். கொடுத்தவர் வீட்டில் இருந்தது எந்தக் குழந்தை, எந்த வயது என்று தெரியாத நிலையில், கறை காணப்பட்டால் கழுவிவிடுவதே பேணுதல்.

கழுவும் முறையில்தான் பிழை நேர்கிறது. தொட்டில் துணியையும் தள்ளுவண்டியின் உறையையும் கறையோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்துவது நம் வழக்கம். இரண்டு குல்லத்துக்குக் குறைந்த நீரில், அதாவது ஏறத்தாழ 200 லிட்டருக்குக் குறைந்த நீரில், நஜீஸ் விழுந்தால் அந்த நீரே நஜீஸாகிவிடும் என்கிறது ஷாஃபி மத்ஹப். ஆகவே முதலில் அசுத்தத்தைச் சுரண்டி அகற்ற வேண்டும். பின்னர் குழாயடியில் பிடித்து, நிறமும் வாடையும் நீங்கும்வரை தண்ணீரை அதன்மீது ஓடவிட வேண்டும். அதன்பிறகே சோப்பும் சலவை இயந்திரமும். சிறுநீர் பட்ட துணி வெயிலில் காய்ந்துவிட்டாலே தூய்மையாகிவிடும் என்பதும் சரியன்று. வெயில் ஈரத்தையும் பூஞ்சையையும் தடுக்கும். நஜீஸை நீக்குவது தண்ணீரே.

வாசனை மிகுந்த கிருமிநாசினி ஒருபோதும் தண்ணீருக்கு ஈடாகாது. மென்மையான சோப்பும் நல்ல அலசலும் போதும். ப்ளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துவோர் அதனுடன் கழிவறை ஆசிட், வினிகர் எதனையும் சேர்க்கலாகாது. குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். கொதிநீர் தாங்கக்கூடிய புட்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கழுவி, 5 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். அதன் ரப்பர் காம்பை மட்டும் புதிதாக வாங்குவதே நன்று. மரத் தொட்டிலை ஊறவிடாமல் கழுவித் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் உலர்த்த வேண்டும்.

இனி, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நீங்காத குறைகள் உள்ளன. விபத்தில் சிக்கிய கார் இருக்கை வெளியே பழுதின்றித் தோன்றினாலும் உள்ளே வலுவிழந்திருக்கலாம். அதன் பட்டைகளை ப்ளீச்சில் ஊறவைத்தாலும் இழை நலியும். தொய்ந்த மெத்தை குழந்தையின் மூச்சை அடைக்கும் ஆபத்துடையது. ஈரம் உட்புகுந்த ஸ்பஞ்சு மெத்தை முழுவதும் உலர்வதும் அரிது. ஆதலால் தொட்டில் பழையதாயினும், அதற்குப் பொருந்தும் கெட்டியான மெத்தையைப் புதிதாக வாங்குவது விரயமாகாது. தொட்டிலின் கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும், திருகாணிகள் குறைந்திருந்தாலும் அது வேண்டாம். பக்கப் பலகை மேலும் கீழும் இறங்கும் தொட்டில்களின் விற்பனையை அமெரிக்கா 2011ஆம் ஆண்டு தடை செய்தது. குழந்தையை உள்ளே உட்கார வைக்கும் சக்கர வாக்கரைக் கனடா 2004ஆம் ஆண்டே தடை செய்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருளை நம்பிவிடலாகாது.

இங்கேதான் கொடுப்பவரின் பொறுப்பு தொடங்குகிறது. வாங்குபவர் கழுவிக்கொள்வார் என்று அழுக்கோடு அனுப்புவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. தமக்குக் கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டேயன்றி ஏற்க மாட்டாத மட்டமான பொருளைத் தேடி எடுத்துத் தர்மம் செய்ய வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தடுக்கிறது. கடைத்தெருவில் குவித்திருந்த தானியத்தினுள் நபியவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்தார்கள். தொட்டிலின் விரிசலையும், இருக்கை பட்ட விபத்தையும் சொல்லாமல் விற்பவர் அந்த ஈரத்தை மறைப்பவரே. இலவசமாகக் கொடுப்பவருக்கும் இதில் விலக்கு இல்லை. பாதிக்கப்படுவது ஒரு பச்சிளங்குழந்தை அன்றோ?

எனவே பொருள் கைமாறும்போது மூன்றை வழக்கமாக்குவோம். கொடுப்பவர் கழுவி உலர்த்திக் கொடுக்கட்டும். அதன் வயதையும் பழுதையும் வாய்திறந்து சொல்லட்டும். பழுதுற்றதைப் பிறர் தலையில் கட்டாமல் உடைத்து அப்புறப்படுத்தட்டும். பெறுபவரும் அதனை இழிவாகக் கருதாமல், ஒருமுறை தாமும் சோதித்துக் கழுவிக்கொண்டு, கொடுத்தவருக்காக துஆ செய்யட்டும். கடனின்றி ஒரு குழந்தையை வரவேற்கும் இல்லத்தில் இன்ஷா அல்லாஹ் பரக்கத் இறங்கும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.