"கடையே கதி" என்று எழுதலாமா?



நமது இதழின் பின்பக்கத்தில் மாதந்தோறும் இரங்கல் செய்திகள் வருகின்றன. புகைப்படம், பெயர், கடையின் பெயர், அதற்குக் கீழே நாலு வரி. "கடையே கதி என்று வாழ்ந்தவர். ஒரு நாள் கூடக் கடைக்கு விடுமுறை விட்டதில்லை. சிறந்த குடும்பத் தலைவர்." ஏறக்குறைய எல்லோருக்கும் இதே வரிகள்தான். வயதைப் பார்த்தால் 54, 57, 61 என்று இருக்கிறது. முதல் இரண்டு வரிகள் உண்மை என்றால் மூன்றாவது எப்படி உண்மையாகும் என்று எனக்கு விளங்கவில்லை. காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு பத்தரைக்கு எடுத்து வைப்பவர், குடும்பத் தலைவராக வீட்டில் இருந்த நேரம் எது? மறைந்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் இரண்டு மூன்று பேர் எனக்கு நெருங்கிய சிநேகிதர்கள். அந்த வரிகளை எழுதிக் கொடுக்கிற நம்மைத்தான் சொல்கிறேன்.

இந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் ஒரு வெளிநாட்டுக்காரரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். என் தம்பி மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். விடுமுறை கிடைத்தால் வடக்கே ஏரி மாவட்டம் என்னும் மலைப்பகுதிக்கு நடக்கப் போவான். அங்கே ஜாஸ் நேலர் என்று ஒருவர் இருந்தார், 2024 ஜூன் 28 அன்று 88-வது வயதில் காலமானார், அந்தப் பக்கத்துக்கே வீட்டில் பெரியவர் போனது போல் ஆகிவிட்டது என்று போனில் சொன்னான். அவர் யார், மந்திரியா, மில் முதலாளியா என்று கேட்டேன். "இல்லை பெரியப்பா, ஆடு மேய்த்தவர்" என்றான். அதன்பின் அவனை விடாமல் விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நேலர் 1936-ல் வாஸ்டேல் என்னும் பள்ளத்தாக்கில் பிறந்தார். இங்கிலாந்தின் உயர்ந்த சிகரமான ஸ்கேஃபெல் பைக் அங்கேதான் இருக்கிறது. 978 மீட்டர்தான், நம் கொடைக்கானல் ஊரே இதைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிறது. ஆனால் மழையும் பனிமூட்டமும் சேற்று நிலமும் சரளைக்கல் சரிவும் சேர்ந்து அந்தக் குட்டி மலைகளை ஆளைக் கொல்லும் மலைகளாக்கி வைத்திருக்கின்றன. 15 வயதில் படிப்பை விட்டு ஆட்டுப் பண்ணைக்கு வந்துவிட்டார். சிறு வயதில் முதுகில் அடிபட்டதால் இருபதுகளின் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை செய்து முதுகெலும்பில் இரண்டு வட்டுகளை எடுத்துவிட்டார்கள். நம்மில் ஒருவருக்கு அப்படி ஆகியிருந்தால் ஆயுள் முழுக்கக் கல்லாவில் தலையணை வைத்துச் சாய்ந்திருப்போம். வீட்டாரும் குனியவிட மாட்டார்கள்.

1960-ல் அந்த வட்டாரத்தின் மலையோட்டப் பந்தயம் வாஸ்டேலிலிருந்து தொடங்கியது. மலையோட்டம் என்றால் போட்டு வைத்த சாலையில் ஓடுவதல்ல. இன்ன இன்ன சிகரங்களைத் தொட வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். எந்த வழியில் ஏறுவது, எங்கே இறங்குவது என்பதெல்லாம் ஓடுபவரின் பாடு. நேலர் பண்ணையில் போடுகிற கனத்த பூட்ஸோடும், முழங்காலோடு வெட்டிவிட்ட கால்சட்டையோடும் போய் நின்றார். அன்று தொடங்கிய ஓட்டம் ஐம்பது வருஷத்துக்கு நிற்கவில்லை.

அவருடைய பேரேட்டில் உள்ள சில பற்றுகளைத் தருகிறேன். 24 மணி நேரத்தில் எத்தனை சிகரம் தொட முடியும் என்பது அங்கே பழைய போட்டி. 1932-ல் பாப் கிரஹாம் என்பவர் 42 சிகரம் தொட்டார். அவர் கெஸ்விக் ஊரில் விருந்தினர் விடுதி நடத்தியவர். ஆக, நம் இனத்தவர் என்று நாம் உரிமை கொண்டாடலாம். நேலர் 1971-ல் 61, மறு வருஷம் 63, 1975-ல் 72 சிகரங்களைத் தொட்டார். தூரம் 100 மைலுக்கு மேல். ஏறிய ஏற்றங்களைக் கூட்டினால் எவரெஸ்டின் உயரத்தைத் தாண்டும். 13 வருஷம் கழித்து 1988-ல்தான் இன்னொருவர் 76 தொட்டு அதை முறியடித்தார்.

1986-ல் செய்தது இன்னும் பெரிது. கெண்டல் நகராட்சியில் பொருளாளராக இருந்த வெயின்ரைட் என்பவர், அந்த மலைகளைப் பற்றி 1955 முதல் 1966 வரை ஏழு வழிகாட்டி நூல்கள் எழுதினார். படம், எழுத்து எல்லாம் அவர் கையாலேயே. கணக்கு எழுதுகிற கை, பக்கம் பக்கமாக மலைகளையும் கணக்கில் ஏற்றிவிட்டது. அந்தக் கணக்கில் மொத்தம் 214 மலைகள். அத்தனையையும் நேலர் ஒரே தொடர்ச்சியாக 7 நாள் 1 மணி 25 நிமிடத்தில் ஏறி இறங்கினார். வாய் வீங்கி, கால் தோல் உரிந்து, அப்படியும் நிறுத்தவில்லை. அப்போது அவருக்கு வயது 50. அந்த நேரத்தை 28 வருஷம் யாரும் தொடவில்லை. 2014-ல்தான் வேறொருவர் முந்தினார்.

ஐம்பது! நம் சங்கத்தில் ஐம்பதைத் தொட்டவர்கள் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுகிறோம்.

இவ்வளவும் செய்தவர் முழுநேர ஓட்டக்காரர் அல்ல என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். ஆடு வளர்ப்பில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. குட்டி போடும் காலத்தில் இரவு பகல் கிடையாது. அங்குள்ள ஹெர்ட்விக் இன ஆடுகளுக்கு மலையில் வேலி இல்லை. தன் மேய்ச்சல் எல்லை எது என்பதைக் குட்டி தாயோடு திரிந்து கற்றுக்கொள்கிறது. பண்ணையை விட்டுப் போகிறவர், எல்லை பழகிய அந்த மந்தையை அடுத்து வருகிறவருக்கு விட்டுப்போகும் ஏற்பாடும் உண்டு. கடையை விற்கும்போது வாடிக்கையும் சேர்ந்து கை மாறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்தையைத் திரட்ட நாயோடு மலைக்கு ஓடித்தான் ஆக வேண்டும். அதில் வருமானமாவது உண்டா என்றால், இப்போதெல்லாம் அந்த ஆட்டின் ரோமம் கத்தரிக்கிற கூலிக்கே கட்டுவதில்லை. இந்த இலட்சணத்தில் இருக்கும் தொழிலை நடத்திக்கொண்டு, பண்ணை வேலையை முடித்துவிட்டு அவர் பந்தயத்துக்குப் போனார். தொழிலே அவருக்குப் பயிற்சியாகவும் இருந்தது. நமக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான். என் தகப்பனார் காலத்தில் முதலாளியே மூட்டைக்குத் தோள் கொடுத்தார். இப்போது கிட்டங்கிக்குப் போய் சரக்கைப் பார்த்து வருவதற்குக்கூட பையனை அனுப்புகிறோம், கேமராவில் பார்த்துக்கொள்கிறோம்.

இதில் வியாபாரிகள் ரசிக்கத்தக்க ஒன்று இருக்கிறது. இத்தனை சிகரம் தொட்டேன் என்று ஒருவர் சொன்னால் எப்படி நம்புவது? கிரஹாம் ஓடிய அந்த 42 சிகர வழியில் இன்றைக்கு ஓடுகிறவர்கள், ஒவ்வொரு உச்சியிலும் ஒரு துணை ஆளைச் சாட்சியாக வைத்து நேரத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். நம் ஊர் சிட்டை மாதிரிதான். துண்டுக் காகிதம், பென்சில், சொன்ன சொல். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வாஸ்டேலில் 19-ம் நூற்றாண்டில் வில் ரிட்சன் என்ற விடுதிக்காரர் அண்டப்புளுகுக்குப் பேர் போனவர். அவர் நினைவாகப் பக்கத்து ஊரில் உலகப் பெரும் புளுகருக்கான போட்டி வருஷாவருஷம் நடக்கிறது. அரசியல்வாதிகளுக்கும் வக்கீல்களுக்கும் அதில் இடமில்லையாம், தொழில்முறைப் பழக்கம் இருப்பதால்! வியாபாரிகளைத் தடுத்ததாகத் தெரியவில்லை. நம் மீது அவ்வளவு நம்பிக்கை.

துணை ஆட்கள் சாட்சிக்கு மட்டுமல்ல. தண்ணீர், உணவு, மாற்றுத்துணி சுமப்பதும், இருட்டில் வழி பார்ப்பதும் அவர்கள்தான். அத்தனை சாதனைக்கும் பின்னால் அக்கம்பக்கத்து ஆட்களும் சிநேகிதர்களும் இருந்தார்கள். வீடும் இருந்தது. நேலருக்கு மனைவி, மூன்று பிள்ளைகள். ஏழு நாள் ஒருவர் மலையில் கிடந்தால் பண்ணை தானாக நடக்காது என்பது, ஏழு நாள் கடையை விட்டுவிட்டுத் திருமணத்துக்குப் போன எவருக்கும் தெரியும். ஆகவே அவரைப் புகழும்போது வீட்டம்மாவின் பங்கையும் சேர்த்துத்தான் வரவு வைக்க வேண்டும். மலைக்கு ஓடிக்கொண்டிருந்தவரை மட்டும் எப்படி நல்ல குடும்பத் தலைவர் என்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் ஓடியது வீட்டைச் சுற்றியிருந்த மலைகளில். பிழைத்ததும் அதே பள்ளத்தாக்கில். 1976-ல் எம்.பி.இ. என்னும் அரசு விருது கிடைத்த பிறகும் ஆட்டைத்தான் மேய்த்தார். 60 வயதில் 60 சிகரங்களை 36 மணி நேரத்திலும், 2006-ல் 70 வயதில் 70 சிகரங்களை 21 மணி நேரத்துக்குள்ளும் தொட்டார். அந்த வயதில் எழுந்து நடமாடுகிற தகப்பன் இருப்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதை, தகப்பனைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கடன் இல்லாத கடையை விட்டுச் செல்வது குடும்பத்துக்குச் செய்யும் நன்மைதான். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் முற்றிய உடம்பையும் சேர்த்து விட்டுச் செல்கிறோமே, அது யார் தலையில் விழுகிறது?

எனக்கு மிகவும் பிடித்தது அவர் 1990-ல் செய்த ஏற்பாடு. தம் 54-வது வயதில் பூலி பிரிட்ஜ் என்னும் ஊரிலிருந்து வாஸ்டேல் வரை 48 மைல், 30 சிகரம் கொண்ட ஒரு வழியை ஓடிக் காட்டி, இது 50 வயது கடந்தவர்களுக்கு என்று வைத்துவிட்டார். இளைஞர்களுக்கு அதில் வேலை இல்லை. ஆண்களில் 50 முதல் 54 வயது வரை 12 மணி நேரம். 55-க்கு மேல் 14 மணி. 60-க்கு மேல் 18 மணி. 65 தாண்டியவர்களுக்கு 24 மணி நேரம். வயது ஏற ஏற தவணை கூடுகிறது. தள்ளுபடி மட்டும் கிடையாது, எல்லாச் சிகரமும் ஏறியே ஆக வேண்டும். முடித்தவர் தொண்டுக்காக 100 பவுண்டு திரட்டிக் கொடுத்திருந்தால் ஒரு வெள்ளீயக் குவளை கிடைக்கும். ரொக்கப் பரிசு கிடையாது. அந்தக் குவளைக்காக வங்கி மேலாளரும் வாத்தியாரும் மழையில் ஏறுகிறார்கள் என்று என் தம்பி மகன் சொன்னான்.

"அண்ணாச்சி, அங்கே மலை இருக்கிறது, ஓடுகிறார்கள். நமக்கு நேரம் எங்கே?" என்று என்னிடமே சிலர் சொல்லிவிட்டார்கள். நேரம் இல்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேரைப் பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் பார்க்கலாம். 14 கிலோமீட்டர் கிரிவலம், வெறுங்காலில், முகம் சுளிக்காமல் நடக்கிறார்கள். கால் இருக்கிறது, தெம்பும் இருக்கிறது. சுவாமிக்குக் கொடுக்கிற அந்த ஒரு ராத்திரியை மாதத்தில் இன்னும் மூன்று காலைப் பொழுதாகக் கூட்டினால் கடை ஒன்றும் முழுகிவிடாது. ஒன்பது மணிக்குத் திறந்தால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போய்விடும் என்ற பயம் எனக்கும் தெரியும். நாற்பது வருஷமாக வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்கிறவன் நான். எதிர்க்கடைக்காரரையும் கூடவே நடக்கக் கூட்டிப் போய்விட்டால் அந்தப் பயமும் தீர்ந்தது. சங்கம் என்று ஒன்று இருப்பது வரிப் பிரச்சினைக்கு மட்டும்தானா?

ஆகவே நிர்வாகிகளுக்கு இரண்டு கோரிக்கை. முதலாவது, இரங்கல் செய்திக்கு வைத்திருக்கும் அந்த வாசகங்களை மாற்றுங்கள். வீட்டாரிடம் கேட்டு, அவர் யாரோடு சாப்பிட்டார், எந்தக் கோயிலுக்கு நடந்து போனார், பேரப்பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று ஒரு வரி வாங்கிப் போடுங்கள். கடைக்கு விடுமுறை விடாததைப் பெருமையாக இனி அச்சிட வேண்டாம்.

இரண்டாவது, வரும் தை மாதம் முதல் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை 50 வயது கடந்த உறுப்பினர்களுக்கு ஒரு நடை வைக்க வேண்டும். ஓட்டம் வேண்டாம், நம் முழங்கால்களை நான் அறிவேன். தொடக்கத்தில் 8 கிலோமீட்டர் போதும். சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். வயதுக்கேற்ப நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள், தூரத்தைக் குறைக்காதீர்கள். வீட்டம்மாக்கள் வர விரும்பினால் தாராளமாக வரலாம். அவர்கள் நம்மை முந்திவிடுவார்கள் என்பது வேறு விஷயம். ஒரு வருஷத்தில் பத்து நடை முடித்தவருக்கு ஆண்டு விழா மேடையில் பெயர் பொறித்த பித்தளைச் செம்பு ஒன்று கொடுக்கலாம். முதல் வருஷத்துச் செம்புகளின் செலவு என்னுடையது. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டால் பாத்திரக்கடையில் சொல்லி வைக்க வசதியாக இருக்கும்.