வண்டிப்பாதையின் அகலம்

பெங்களூரு ஊரக மாவட்டத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் மழையும் பட்டுக்கூடு விலையும் இரண்டு நிமிடம்தான். அடுத்து ரிங் ரோடு. எந்தச் சாலை எந்த சர்வே நம்பரை வெட்டிக்கொண்டு போகிறது என்பது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு மனப்பாடம். தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர், ஹொஸ்கோட்டை, நெலமங்கலா என நான்கே தாலுகாக்கள் கொண்ட மாவட்டம். 2008இல் விமான நிலையம் வந்த நாளிலிருந்து அதை யாரும் சும்மா விடவில்லை.

சாலைத் திட்டம் என்றதும் இங்கே எல்லாருக்கும் பெரிய சாலைதான் கண்ணில் படுகிறது. சாட்டிலைட் டவுன் ரிங் ரோடு சுமார் 280 கிலோமீட்டர். தாபஸ்பேட்டையில் தொடங்கி தொட்டபள்ளாப்பூர், தேவனஹள்ளி, சூலிபெலே, ஹொஸ்கோட்டை என்று சுற்றி, நம் ஓசூர்ப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு ராமநகரம், மாகடி வழியாகத் திரும்புகிறது. சென்னையிலிருந்து மும்பை போகிற லாரிக்கு பெங்களூருக்குள் வேலையே இல்லை. அது ஊரைச் சுற்றிப் போவது எல்லாருக்கும் நல்லது. அதில் எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் இந்த ரிங் ரோடு நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாத சாலை. வீடு இந்தப் பக்கம், திராட்சைத் தோட்டம் அந்தப் பக்கம் என்று ஆகிவிட்டவர் சுரங்கப்பாதை எங்கே இருக்கிறது என்று தேடிப் போக வேண்டும்.

அதற்கும் உள்ளே இன்னொரு வட்டம், பெரிஃபெரல் ரிங் ரோடு. 2005இல் முதல் அறிவிக்கை, 2007இல் இறுதி அறிவிக்கை. அன்றைக்குப் பிறந்த பிள்ளை கல்லூரிக்குப் போய்விட்டது. இடையில் சாலைக்கு 'பெங்களூரு பிசினஸ் காரிடார்' என்று புதுப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். அறிவிக்கையில் சிக்கிய நிலத்தை நல்ல விலைக்கு விற்க முடியாது, வீடு கட்ட முடியாது, அடமானம் வைக்கப் போனால் வங்கி முகம் சுளிக்கும். ஊரகப் பகுதியில் சந்தை மதிப்பைப்போல நான்கு மடங்குவரை தரச் சொல்லும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுங்கள் என்பது விவசாயிகளின் கோரிக்கை; அதைவிடப் பழைய, தன் சொந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது பெங்களூரு வளர்ச்சி ஆணையம். முன்கூட்டியே கோடு போடுவது தப்பில்லை. கையில் பணம் இல்லாமல் போடுவதுதான் தப்பு. இத்தனை ஆண்டுக்குள் வாங்காவிட்டால் கோடு தானாக அழியும் என்று ஒரு கெடு வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

முன்பு இப்படி இல்லை. 1943இல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் இருபது ஆண்டுக்கான சாலைத் திட்டம் ஒன்றைத் தயாரித்தார்கள். வேளாண்மை செழித்த பகுதியில் எந்தக் கிராமமும் முக்கியச் சாலையிலிருந்து ஐந்து மைலுக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த அளவுகோல். வெள்ளைக்காரன் காலத்துத் திட்டம்தான், இருந்தாலும் கணக்கைக் கிராமத்திலிருந்து தொடங்கினார்கள். இன்றைய திட்டங்கள் டோல்கேட்டிலிருந்து தொடங்குகின்றன.

இப்படியே போனால் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் காலை ஒன்பது மணிக்கு பெங்களூரில் பானத்தூருக்கோ குஞ்சூருக்கோ போகலாம். ஒரு தலைமுறைக்கு முன் அவை கிராமங்கள். மாட்டுவண்டி போன தடத்துக்கு அப்படியே தார் ஊற்றினார்கள். இரு பக்கமும் அடுக்குமாடிகள் வந்தன, அவற்றுக்கு காம்பவுண்டு சுவர் வந்தது. பள்ளி வேனும் தண்ணீர் லாரியும் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்னால் போக வேண்டும்; பின்னால் நாற்பது பைக் நிற்கும். இனி அகலப்படுத்த வேண்டுமானால் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வழக்கு.

தேவனஹள்ளித் தாலுகாவில் அந்தச் சுவர்கள் இப்போதுதான் எழும்புகின்றன. வருவாய்த்துறையின் கிராம வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: வண்டிப்பாதை இரட்டைக் கோடாகவும் ஒற்றையடிப் பாதை ஒற்றைக் கோடாகவும் விட்டுவிட்டு ஓடும். 'நக்ஷெ தாரி' என்று ஊர்க்காரர்கள் சொல்வது இவற்றைத்தான். ஏரிக்கரை, கோவில், அடுத்த ஊர் என்று எல்லாவற்றையும் இணைக்கும் வலை அது; எந்த ஆலோசகருக்கும் கோடிக்கணக்கில் கட்டணம் கொடுக்காமலே கிடைத்த சாலைத் திட்டம். பல இடங்களில் அதன் மேல் ராகி விளைகிறது. சில இடங்களில் லேஅவுட்காரர் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார்.

விவசாய நிலத்தை மனையாக்க அனுமதி (டி.சி. கன்வர்ஷன்) கேட்டு எல்லாரும் அரசாங்கத்தின் வாசலுக்குத்தான் வர வேண்டும். அந்த நேரத்தில், பாதையை ஒட்டிய நிலத்தில் இரு பக்கமும் ஐந்தைந்து மீட்டரைச் சாலைக்கென்று எழுதி வாங்கிக்கொண்டு கல் நட்டுவிடலாம். ஏக்கர் கணக்கில் விற்கப்போகிறவர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். சாலை பத்து வருடம் கழித்து வரட்டும், இடம் இருக்கும். பிறகு அதே இடத்தைச் சதுர அடிக் கணக்கில் வாங்க எந்தக் கஜானாவாலும் முடியாது.

சாட்டிலைட் டவுன் ரிங் ரோட்டின் ஒரு துண்டு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளும் வருகிறது. ஓசூரைச் சுற்றி மனை விளம்பரப் பலகைகள் ஏற்கெனவே நட்டாகிவிட்டது. அங்கே புலப்படத்தில் இருக்கும் வண்டிப்பாதைகளுக்கு இன்னும் யாரும் கல் நடவில்லை என்றால், தாசில்தார் அலுவலகம் இந்த வாரமே தொடங்கலாம்.