கப்பலின் கொடியும் கடலோடியின் உரிமையும்

திம்புள்ள மலைச்சரிவுகளில் பறிக்கப்படும் கொழுந்து, கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறியே உலகச் சந்தையை அடைகின்றது. கடலைக் கண்ணால் காணாமலேயே கடல் வாணிபத்திற்காக உழைத்துவந்த சமூகம் மலையகத் தமிழ்ச் சமூகமாகும். தோட்டத்தில் எதிர்காலம் இல்லையெனக் கருதும் இன்றைய இளைஞர்களின் பார்வை, கொழும்பையும் வளைகுடா நாடுகளையும் கடந்து, கப்பல் வேலைகளின் மீதும் எண்ணெய் அகழ்வு மேடை வேலைகளின் மீதும் படிவது இயல்பானதே. கிழக்கிலங்கையின் தமிழ், முஸ்லிம் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். ஆனால், அவ்வேலைக்குச் செல்பவர் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வேலை செய்கின்றார் என்ற கேள்வி போதியளவு கேட்கப்படுவதில்லை என்பதையே நாம் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

ஒரு கப்பல் எந்த நாட்டில் பதிவு செய்யப்படுகின்றதோ அந்நாட்டின் கொடியையே அது பறக்கவிடுகின்றது. ஆழ்கடலில் அக்கப்பலுக்கு அந்நாட்டின் சட்டமே முதன்மையானது. கப்பலில் எத்தனை பேர் பணிபுரிய வேண்டும், அவர்களுக்கு என்ன தகுதி வேண்டும், அவர்கள் எத்தனை மணிநேரம் ஓய்வு பெற வேண்டும் என்பவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பும் கொடி நாட்டுக்கே உரியதாகும். கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் இடையில் உண்மையான தொடர்பு இருத்தல் வேண்டும் என்று 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயம் கூறுகின்றது. ஆனால், அத்தொடர்பு யாதென வரையறுக்க முயன்ற 1986 ஆம் ஆண்டின் கப்பற் பதிவுச் சமவாயம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. இந்த இடைவெளியினூடாகவே 'வசதிக் கொடி' எனப்படும் முறை வளர்ந்துள்ளது.

இதன் விளைவை எமது கிழக்குக் கடலிலேயே கண்டோம். 2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றிய நியூ டயமன்ட் எண்ணெய்த் தாங்கிக் கப்பல் பனாமாக் கொடியின் கீழ்ப் பயணித்தது. அதன் உரிமைக் கம்பனி லைபீரியாவில் பதிவானது, நிர்வகித்தவர்களோ கிரேக்கர்கள். குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்திற்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயை அது கொண்டு சென்றது. பணியாளர் 23 பேரில் 18 பேர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். உயிரிழந்தவரும் அவர்களுள் ஒருவரே. அச்சத்தில் உறைந்திருந்தவர்களோ அக்கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் மீனவக் குடும்பத்தினர். இத்தனை நாடுகள் சம்பந்தப்பட்ட கப்பலில் ஒரு தொழிலாளி பாதிக்கப்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

இலங்கையரும் இந்நிலைக்கு ஆளாகியுள்ளனர். 2017 மார்ச்சில் சோமாலியக் கரையோரத்தில் கடத்தப்பட்ட ஏரிஸ் 13 கப்பலின் பணியாளர் எண்மரும் இலங்கையர். கப்பல் இலங்கையில் பதிவானதல்ல. அது கொமோரோஸ் தீவுகளின் கொடியைத் தாங்கியிருந்தது. சில தினங்களில் அவர்கள் கப்பப் பணம் எதுவுமின்றி விடுவிக்கப்பட்டமை நல்லூழே. எல்லோருக்கும் அத்தகைய நல்லூழ் வாய்ப்பதில்லை.

எண்ணெய் அகழ்வு மேடைகளின் நிலை மேலும் சிக்கலானது. இடம்விட்டு இடம் நகரும் மேடைகளும் கப்பல்களைப் போன்றே ஏதேனுமொரு நாட்டில் பதிவு செய்யப்படுகின்றன. 2010 ஏப்ரல் 20 ஆம் திகதி மெக்சிக்கோ வளைகுடாவில் வெடித்து 11 பேரைப் பலிகொண்ட டீப்வாட்டர் ஹொரைசன் மேடை மார்ஷல் தீவுகளில் பதிவானது. எழுத்துப் பிழையொன்றின் காரணமாக மேடை தவறான வகைக்குள் சேர்க்கப்பட்டதையும், அதனால் கிணற்றுடன் இணைந்திருக்கும்போது மேடை முகாமையாளரும், நகரும்போதும் ஆபத்து வேளையிலும் கப்பற் தலைவரும் பொறுப்பாளர் என்ற இரட்டை ஆணை முறைக்கு இடமேற்பட்டதையும் அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் விசாரணை எடுத்துக்காட்டியது. கொடி நாடு தனது பரிசோதனைக் கடமையைச் சரிவர ஆற்றவில்லை என்றும் அவ்விசாரணை குறைகூறியது. பதிவேட்டில் நிகழ்ந்த தவறு, தீப்பற்றிய வேளையில் யார் கட்டளையிடுவது என்ற குழப்பமாக மாறியது.

இது எமக்குத் தொலைதூரச் செய்தியன்று. 2011 இல் மன்னார்ப் படுகையில் கெயார்ன் லங்கா நிறுவனத்திற்காக ஜப்பானிய அகழ்வுக் கப்பலான சிக்யு துளையிட்டது. இயற்கை வாயு இருப்பதும் கண்டறியப்பட்டது. வர்த்தக உற்பத்தி இன்னமும் ஆரம்பமாகவில்லை. ஆயினும் 2021 இல் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டதன் பின்னர் அவ்வெதிர்பார்ப்பு தொடர்கின்றது. நாளை அங்கு மேடைகள் வருமாயின், அவற்றில் வேலை செய்யும் எமது இளைஞர்கள் எச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுவர் என்பது இன்றே தீர்மானிக்கப்பட வேண்டியதாகும்.

கடலோடிகளுக்குப் பாதுகாப்பே இல்லை எனக் கூறுவதற்கில்லை. 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை இலங்கை 2017 இல் ஏற்று உறுதிப்படுத்தியுள்ளது. வேலை பெற்றுக்கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் அறவிடுவதை அது தடை செய்கின்றது. இரண்டு மாதச் சம்பளம் வழங்கப்படாவிடின் அவர் கைவிடப்பட்டவராகக் கருதப்படலாம். அவ்வேளையில் நான்கு மாதங்கள் வரையிலான சம்பள நிலுவைக்கும் நாடு திரும்புவதற்கும் காப்புறுதி இருத்தல் வேண்டும். பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகியனவும் இச்சமவாயத்தை ஏற்றுள்ளன. ஆகவே குறைபாடு சட்டத்தின் எழுத்திலன்றி, அதை நிறைவேற்றும் அக்கறையிலேயே பெரிதும் உள்ளது. அகழ்வு மேடைகள் 'கப்பல்' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்ற ஐயம் எழுமிடத்து, அதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அந்தந்த நாட்டிடமே விடப்பட்டுள்ளது.

மலையக மக்களுக்கு இவ்விடயத்தில் மற்றவர்களை விடக் கூடுதலான அனுபவம் உண்டு. 1948 இல் இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், தலைமுறைகளாக இம்மண்ணில் உழைத்தவர்களை நாடற்றவர்களாக்கியது. அதே 1948 இல்தான் லைபீரியா, தனது துறைமுகத்தை ஒருபோதும் காணாத கப்பல்களுக்கும் தனது கொடியை வழங்கும் சட்டத்தை இயற்றியது. கட்டணம் செலுத்திய கப்பலுக்கு நாடு எளிதிற் கிடைத்தது. நாடற்றிருந்த மலையகத் தமிழருள் எஞ்சியோருக்கு வழிபிறக்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை 55 ஆண்டுகள் சென்றன. பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாதிருப்பதும் மனித வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பதை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனவே, கடல் வேலைக்குப் புறப்படும் ஒவ்வோர் இளைஞரும் கையொப்பமிடுவதற்கு முன்னர் சில வினாக்களைக் கேட்டறிதல் அவசியமாகும். கப்பல் எந்நாட்டுக் கொடியுடையது? ஒப்பந்தத்தில் தொழில்கொள்வோர் எனப் பெயர் குறிக்கப்பட்டவர் யார்? காப்புறுதி வழங்குவது எந்நிறுவனம்? முகவர் கேட்கும் பணம் எதற்கானது? விடை தர மறுக்கும் முகவரிடம், நகையை அடகுவைத்துப் பெற்ற பணத்தை ஒப்படைப்பது விவேகமாகாது.

அரசாங்கத்தின் கடமை இதனினும் பெரிது. வணிகக் கப்பற்றுறைச் செயலகம் தொழில் ஒப்பந்தம் பற்றிய விளக்கங்களைத் தமிழிலும் வெளியிட்டு, அவை ஹட்டன், தலவாக்கலை போன்ற நகரங்களையும் சென்றடையச் செய்தல் வேண்டும். கட்டணம் அறவிடும் முகவர்கள் தண்டிக்கப்படுதல் வேண்டும். எமது துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில், கொடி எதுவாயினும், தொழிலாளரின் நிலை பரிசோதிக்கப்படுதல் வேண்டும். மன்னாரில் அகழ்வு உரிமை வழங்கும் எந்தவோர் ஒப்பந்தத்திலும் மேடைப் பணியாளரின் பாதுகாப்பு, நட்டஈடு, கட்டளைப் பொறுப்பு ஆகியவை தெளிவாக எழுதப்படுதல் வேண்டும்.

கொடியைத் தெரிவு செய்யும் சுதந்திரம் கப்பல் உரிமையாளருக்கு உண்டு. அக்கொடியின் கீழ் உழைப்பவருக்கு அச்சுதந்திரம் இல்லை. அவ்வாறாயின், அவர் பிறந்த நாடேனும் அவருக்குத் துணைநிற்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.