புகைப்படம் கேட்கும் ஆய்வுலகம்

தாராவியின் தோல் ஷாப்புகளைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசினால், முதலில் எழும் கேள்வி: "பழைய புகைப்படம் இருக்கிறதா?" திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி உழைத்த இடங்கள் அவை. 1971இல் பாந்த்ரா இறைச்சிக்கூடம் தேவ்னாருக்குப் பெயர்ந்தது. பிறகு பச்சைத்தோல் பதனிடுதலும் தாராவியை விட்டு வெளியேற்றப்பட்டது.

அந்த வாடைக்குள் கேமராவோடு யார் நுழைந்திருப்பார்? தொழிலாளர் வீட்டு ஆல்பங்களில் இருப்பவை ஸ்டுடியோப் படங்கள்: வெள்ளைச் சட்டை, பின்னால் தீட்டிய திரை. தோலின் சுவடு எங்குமில்லை. அதை மறைக்கவைத்தது சாதி. அந்த மறைப்பும் ஒரு சான்றுதான்.

கிரண்காவ் ஆலைத் தொழிலாளரின் வாய்மொழி வரலாற்றை 2004இல் நீரா அடார்கரும் மீனா மேனனும் நூலாக்கியபோது வரவேற்ற ஆய்வுலகம், தோல் தொழிலாளியின் சொல்லுக்கு மட்டும் படத்தைப் பிணை கேட்பது என்ன நெறி?

மறுசீரமைப்புக் கணக்கெடுப்போ 2000 ஜனவரி 1-க்கு முந்தைய குடியிருப்புக்கு ஆவணம் கேட்கிறது. அங்கும் காகிதம், இங்கும் காகிதம். எந்தச் சந்தில் எந்தத் தொட்டி இருந்தது என்று நடந்து காட்டக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சந்துகள் இடிபடுமுன் அவர்களோடு நடந்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.