பிழைக்க நேரம் வேண்டும்

பெண்பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சேலம், நாமக்கல் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகளில் பட்டமளிப்பு அங்கியோடு சிரிப்பவர்கள் அவர்கள்தான். சேர்த்துக்கொள்கிறோம், கட்டணம் வாங்குகிறோம், முன்வரிசையில் உட்காரவைக்கிறோம். நிரல் எழுதப் பழக எது தேவையோ அதை மட்டும் கொடுப்பதில்லை. தவறு செய்யவும் அதைத் தானே கண்டுபிடிக்கவுமான நேரம்தான் அது.

நான் தமிழ் நடத்துகிறவள். அண்ணா பல்கலைக்கழகம் 2022இல் ‘தமிழர் மரபு’ என்ற தாளைப் பொறியியல் முதலாண்டில் சேர்த்தபின், என் மாணவிகளின் ஆய்வக வேளைகளையும் அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது. அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

தொடக்கநிலை ஜாவா பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து பாடங்களின் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஜாவா இடங்களைச் சுழியத்திலிருந்து எண்ணும். ஐந்து இடம் என்றால் 0 முதல் 4 வரை. ‘ஐந்துக்குக் குறைவாக’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஐந்து வரை’ என்று எழுதிவிட்டால், நிரல் இல்லாத ஆறாம் இடத்தைத் தேடிப் போய் நின்றுவிடும். திரையில் ஒரு பிழைச்செய்தி வரும். எந்த வரியில் நின்றது, எந்த எண்ணைக் கேட்டது, வரிசையின் நீளம் எவ்வளவு என எல்லாம் அதிலேயே இருக்கும். முதன்முறை அதைப் படித்து, காகிதத்தில் எண்ணிப் பார்த்து, ‘அட, இதுவா’ என்று சொல்ல ஒருத்திக்கு அரைமணி ஆகலாம். அந்த அரைமணிக்குப் பெயர்தான் படிப்பு.

அதுதான் அவளுக்குக் கிடைப்பதில்லை. அவள் நெற்றியைச் சுருக்கி இரண்டாம் முறை வாசிப்பதற்குள் பக்கத்து இருக்கைப் பையன் ‘தள்ளு புள்ள’ என்று மவுஸைப் பிடித்துவிடுகிறான். நல்ல பையன்தான், உதவுகிறான். பத்து நொடியில் விடை திரையில் வந்துவிடுகிறது. அவளும் ‘தேங்க்ஸ்டா’ என்கிறாள். சாயங்காலம் அவனுடைய ரெக்கார்டு நோட்டை வாங்கிப் போய்க் கோடு போட்டு, முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுக்கிறாள். யோசிப்பது அவன், எழுதிக் கொடுப்பது அவள். சமையலறையில் நாம் பார்த்துச் சலித்த வேலைப் பிரிவினை ஆய்வகத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் நட்பு!

‘அவனும் அதே ஆய்வகத்தில்தானே படித்தான்?’ என்று கேட்கலாம். இல்லை. அவன் படித்தது ஆய்வகம் பூட்டிய பிறகு. ஆண்கள் விடுதியில் இரவு ஒரு மணிக்கு நான்கு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து, திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடாத நிரலை ஓடவைக்கிறார்கள். அதே நேரத்தில் பெண்கள் விடுதியில் ஆறரை மணிக்கே வருகைப்பதிவு முடிந்து, செல்பேசி வார்டன் அலமாரிக்குள் போய்விட்டிருக்கும். வீட்டிலிருந்து வருகிறவள் கல்லூரிப் பேருந்தைத் தவறவிட முடியாது. அவளுடைய வீடு தாரமங்கலத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறிக்குப் பக்கத்தில் இருந்தால், போனதும் தார் போட உட்கார வேண்டும். ஓடுகிற தறியில் எந்த இழை அறுந்தது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற அம்மாவின் மகள் அவள். பிழை கண்டுபிடிக்கும் கூர்மை அவளுக்கு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேள்வி பதிலை வரி பிசகாமல் ஒப்பிக்கவைத்து மதிப்பெண் அறுவடை செய்யும் பள்ளிகளுக்கு நம் வட்டாரம் பேர்போனது. ‘பிராய்லர் பள்ளி’ என்ற சொல்லே இந்தக் கோழிப்பண்ணை மண்ணுக்குப் பொருத்தமாக வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே தவறு என்பது அடி, குறைந்தபட்சம் அவமானம். பையன் இதை வெளியே போய் உதறிவிடுகிறான். பெண்ணுக்கு வீடும் ஊரும் அதையே திரும்பச் சொல்கின்றன: தப்பு பண்ணிடாதே. அப்படி வளர்ந்தவள் பிழைச்செய்தியைப் பார்த்ததும் அதைப் படிப்பதில்லை, குறுகிப்போகிறாள். தமிழில் பிழைத்தல் என்ற சொல்லுக்குத் தவறுதல் என்றும் பொருள், உயிர்வாழ்தல் என்றும் பொருள். நாமோ தவற விடாமலே இவள் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

‘ராத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால் யாருங்க பொறுப்பு?’ என்று கேட்பார்கள். பெற்றோரின் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்தைச் சட்டமாக்கப் படித்தவர்களுக்கு உரிமையில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் போடக்கூடாது என்கிறது, பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் அறிவித்த ஒழுங்குமுறை. கோழிக்கோடு அருகே சேளன்னூரில் ஒரு கல்லூரி விடுதி, மாலை ஆறு முதல் இரவு பத்துவரை மாணவிகள் செல்பேசி வைத்திருக்கத் தடை போட்டது. ஏற்க மறுத்த ஃபஹீமா ஷிரினை விடுதியிலிருந்து நீக்கினார்கள். அவர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்கச் சொன்னார். நம் ஊர் விடுதி அலமாரிகளின் பூட்டுக்கு இந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் பெண்கள் இருந்தார்கள் என்பதையும் நம் பாடத்திட்டம் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். இரகசியம் காக்க வேண்டும் என்று சொல்லி முதலில் அவர்களை அந்த எந்திரம் இருந்த அறைக்குள்ளேயே விடவில்லை. வரைபடங்களை வைத்தே கற்றார்கள். பிறகு, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களில் எது பழுது என்று தேடிச் சொல்லும் அளவுக்குத் தேர்ந்தார்கள். எந்திரம் அறிமுகமான அன்றைய விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. கதவைப் பூட்டுவதும் பந்தியில் இடம் தராததும் கணினிக்குப் புதிதல்ல.

நான் கேட்பது சலுகையில்லை. ஆய்வகம் இரவு ஒன்பதுவரை இருபாலருக்கும் திறந்திருக்கட்டும், வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அதன்பிறகு ஒரு பேருந்து விடட்டும். விடுதியில் செல்பேசியைப் பிடுங்குவதை நிறுத்தட்டும். ஓடுகிற நிரலுக்கு மட்டுமல்ல, எங்கே தவறினேன், எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதுகிற ஒரு பக்கத்துக்கும் மதிப்பெண் கொடுக்கட்டும். மூத்த மாணவிகள் இளையவர்களோடு உட்காரட்டும். அவர்களுக்கு விதி ஒன்றே ஒன்று: வாயால் கேள்வி கேள், அவளுடைய கீபோர்டைத் தொடாதே.

மாணவிகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ‘தள்ளு புள்ள’ என்று கை நீளும்போது நகராதீர்கள். ‘இருடா, நானே பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிட்டு, அந்தப் பிழைச்செய்தியை முதல் வரியிலிருந்து படியுங்கள். அவனுடைய ரெக்கார்டை அவனே எழுதட்டும்.