ரணசிகிச்சையும் தஸ்தாவேஜும்

இடுப்பு மூட்டு தேய்ந்து நடக்க மாட்டாமல் அவதியுறுபவர்களுக்கு உலோக மூட்டைப் பொருத்தும் சிகிச்சை இன்று நமது நகரங்களில் சர்வ சாதாரணமாகி விட்டது. அத்தகைய மூட்டுகளில் ஏ.எஸ்.ஆர். என்ற ஒரு ரகத்தை, அதைச் செய்து விற்ற அமெரிக்கக் கம்பெனியே 2010ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் உலகெங்கிலுமிருந்து திரும்பப் பெற்றுக் கொண்டது. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, கோபால்ட், குரோமியம் ஆகியவற்றின் துகள்கள் சதையிலும் ரத்தத்திலும் கலந்தன. பொருத்திக் கொண்டவர்களில் பலர் மறுபடியும் கத்திக்கு உட்பட வேண்டியதாயிற்று. நமது தேசத்தில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் இந்த மூட்டு உபயோகிக்கப்பட்டதாகக் கணக்கு. இந்திய சர்க்கார் 2017ல் நியமித்த நிபுணர் குழு விசாரித்தபோது, இருக்குமிடம் தெரிந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரே. எஞ்சிய மூவாயிரத்து அறுநூறு பேருக்கு மேற்பட்டவர்கள் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள், உயிரோடுதான் இருக்கிறார்களா என்ற கேள்விகளுக்கு விடையளிப்பார் இல்லை.

கம்பெனியின் குற்றத்தை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரைத் தேடிப் பிடிக்க முடியாமற் போனதற்குக் கம்பெனி மட்டுமா பொறுப்பு? இன்ன தினத்தில், இன்னாருக்கு, இன்ன எண்ணுள்ள மூட்டைப் பொருத்தினோம் என்ற குறிப்பு ஆஸ்பத்திரிகளில் தேடி எடுக்கும்படியாக இருந்திருந்தால் இந்த அவலம் நேர்ந்திராது. ஆஸ்திரேலியாவில் 1999 முதல் செயற்கை மூட்டுகளுக்கென்றே தேசியப் பதிவேடு ஒன்று நடந்து வருகிறது. அந்த மூட்டு மற்றவற்றைவிட அதிகமாகப் பழுதாகிறது என்பதை முந்திக் கண்டுகொண்டது அந்தப் பதிவேடுதான். அங்கே அது 2009 டிசம்பரிலேயே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டு விட்டது. நமது நாட்டிலோ அரைக் காணி நிலத்தை விற்றால், விற்றவன் பெயர், வாங்கியவன் பெயர், நான்கெல்லை, சர்வே நம்பர் அத்தனையும் ரிஜிஸ்திரார் ஆபீஸில் தலைமுறை கடந்தும் கிடைக்கிறது. பணம் கட்டினால் எவனும் வில்லங்கம் பார்த்துக் கொள்ளலாம். மனிதனுடைய இடுப்புக்குள் வைத்த உலோகத்திற்கு வில்லங்கம் பார்க்க வழியில்லை.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி விட்டால் இந்தக் குறை தீர்ந்து விடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்திய சர்க்காரும் 2013ல் மின்னணு வைத்தியப் பதிவுகளுக்கு விதிமுறைகள் வகுத்து, 2016ல் அவற்றைத் திருத்தி, 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தைத் தேசம் முழுவதற்கும் துவக்கி வைத்தார்கள். பிரஜை ஒவ்வொருவருக்கும் பதினான்கு இலக்க எண் ஒன்று. அவரது வைத்தியத் தஸ்தாவேஜுகள் எங்கே இருந்தாலும் அந்த எண்ணின் மூலம் அவர் சம்மதத்தோடு எடுத்துப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் குழாய் எவ்வளவு நேர்த்தியாகப் போடப்பட்டாலும் கிணற்றில் இருக்கிற ஜலம்தானே அதில் வரும்? ஆபரேஷன் அறையில் எழுதப்படும் குறிப்பின் யோக்கியதை என்ன என்பதை யாரும் விசாரிப்பதாகக் காணோம்.

சில மாதங்களுக்கு முன் நமது நண்பர் ஒருவர், தமது மனைவிக்குப் பித்தப்பையை அகற்றிய சிகிச்சையின் குறிப்பை நம்மிடம் கொண்டு வந்து காட்டினார். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே அவசியமில்லை. அழகாக அச்சிட்ட இரண்டு பக்கங்கள். ஆனால் அந்த அம்மாளை இங்கிலீஷ் வாசகங்கள் ஆதியோடந்தமாக ஆண்பாலிலேயே குறிப்பிட்டிருந்தன! அதே தினத்தில் அதற்கு முன் மேஜைமேல் படுத்திருந்த ஆடவரின் குறிப்பை அப்படியே பிரதி செய்து, பெயரையும் வயதையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது வெளிப்படை. பாலே மாறாத இடத்தில், வயிற்றுக்குள் கண்டதாக எழுதியிருப்பது யாருடைய வயிற்றில் கண்டது? நியாயஸ்தலத்தில் பத்துப் பதினைந்து வருஷம் பழகிய எந்த வக்கீலும் இப்படிப்பட்ட ஒரு தஸ்தாவேஜைக் கையில் வைத்துக் கொண்டு குறுக்கு விசாரணை செய்ய ஆசைப்படுவான்; அதை நம்பி நிற்க வேண்டிய டாக்டருக்காக நாம் பரிதாபப்படுகிறோம்.

இது நமது நாட்டுக்கு மாத்திரம் உரிய வியாதியன்று. அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அன்றாடம் எழுதும் குறிப்புகளை ஆராய்ந்து 2017ல் வெளியிட்டார்கள். அவற்றில் கையால் புதிதாக எழுதப்பட்டது நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு. நாற்பத்தாறு பங்கு பழைய குறிப்பிலிருந்து பிரதி. மீதி யந்திரமே வேறிடத்திலிருந்து இழுத்துப் போட்டது. காகிதத்தில் எழுதிய காலத்தில் சோம்பேறித்தனம் சுருக்கமாக இருந்தது. இப்போது அதுவே பக்கம் பக்கமாக நீண்டு, உண்மைபோல் வேஷம் போடுகிறது.

கட்டங்களில் அடையாளம் போடும் விஷயமும் இப்படியே. உலக சுகாதார ஸ்தாபனம் 2008ல், மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையைவிட்டு வெளியேறுமுன் என்று மூன்று கட்டங்களில் பத்தொன்பது விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க ஓர் அட்டவணை கொடுத்தது. டில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் சோதித்தபோது, மரணம் நூற்றுக்கு 1.5லிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009ல் வெளியாயிற்று. பின்னர் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நூற்றொரு ஆஸ்பத்திரிகளில் அதே அட்டவணையைப் புகுத்திப் பார்த்ததில், குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லை என்று 2014ல் அறிவித்தார்கள். காரணத்தைப் பற்றி வாதப் பிரதிவாதங்கள் உண்டு. நமது அபிப்பிராயம் இது: பஞ்சுகளை எண்ணிப் பார்த்துவிட்டு அடையாளம் போடுவது ஒன்று, எண்ணாமலே, மாலையில் பத்துக் கேஸுகளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் அடையாளம் போடுவது வேறு. யந்திரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அடையாளம் போட்ட மணியையும் நிமிஷத்தையும் அது தானாகவே குறித்துக்கொண்டால்தான் பித்தலாட்டம் வெளிப்படும். அப்படிக் குறிக்க யந்திரத்தால் முடியும், அதைக் கேட்பாரில்லை.

சம்மதப் பத்திரத்திற்கும் இதே விதி பொருந்தும். 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பொன்று நேயர்களில் வக்கீல்களாயிருப்பவர்களுக்கு ஞாபகமிருக்கும். பரிசோதனைக்கென்று மயக்க மருந்து கொடுத்த ஒரு ஸ்திரீக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே தாயாரிடம் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பையை அகற்றி விட்டார்கள். சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, உயிராபத்து இல்லாத நிலையில் அவர் விழித்தெழும் வரை காத்திருந்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இன்று பல இடங்களில், எல்லாச் சிகிச்சைக்கும் பொதுவான ஒரே இங்கிலீஷ் வாசகத்தைக் கண்ணாடிப் பலகையில் காட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொல்லுகிறார்கள். தமிழ் மாத்திரம் தெரிந்த ஒரு குடியானவன் அதில் எதற்குச் சம்மதித்தான்?

டாக்டர்களின் சிரமத்தை நாம் அறியாதவர்களல்ல. நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எழுத்து வேலைக்குப் போகிறதென்று அமெரிக்க டாக்டர்களைப் பற்றி 2016ல் ஓர் ஆராய்ச்சி கூறியது. நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் கூட்டத்தில் இது எவ்விதம் சாத்தியம்? ஆகவே டாக்டர் எழுத வேண்டியதைக் குறைக்க வேண்டும். மூட்டு, லென்ஸ், ஸ்டெண்ட் முதலியவற்றின் எண்ணை யந்திரமே பார்கோடிலிருந்து படித்துக் கொள்ளட்டும். நேரங்களை மயக்க மருந்து யந்திரம் கொடுக்கட்டும். என்ன கண்டேன், என்ன செய்தேன், எதிர்பாராதது என்ன நேர்ந்தது என்ற மூன்றையும் கத்தி பிடித்தவரே, கையுறை கழற்றிய சூட்டோடு, சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். மறுநாள் ஹவுஸ் சர்ஜன் அனுமானித்து எழுதுவது சாட்சியமாகாது. பிறகு திருத்தினால், யார் எப்போது திருத்தினார் என்பது அழியாமல் நிற்க வேண்டும். காகிதத்தில் அடித்தெழுதினால் தெரிந்து விடும்; திரையில் தெரியாது.

2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் முடக்கியபோது, சுமார் இரண்டு வாரம் காகிதத்தைக் கொண்டே காலந்தள்ள வேண்டியதாயிற்று. ஆகையால் காகிதத்தில் ஒழுங்காக எழுதும் பழக்கத்தையும் கைவிடலாகாது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது சட்டத்தின் நிலைமை. மெடிகல் கவுன்சிலின் 2002ம் வருஷ விதிகளின்படி, படுக்கை நோயாளியின் தஸ்தாவேஜுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும். கேட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்ற ‘முயற்சி’ செய்ய வேண்டும். பதினைந்து இருபது வருஷம் உடம்பில் இருக்கப் போகிற மூட்டுக்கு மூன்று வருஷத் தஸ்தாவேஜு! நோயாளியின் ஆயுள் முழுவதும் காக்க வேண்டும் என்று 2016ம் வருஷ விதிமுறைகள் கூறுகின்றன. ஆனால் அவை பரிந்துரைகளே. 2023 ஆகஸ்டில் வெளியான புதிய விதிகள் மூன்று வருஷத்திற்குள் சகலமும் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும் என்றன; அதே மாதத்திலேயே அவை நிறுத்தி வைக்கப்பட்டன.

டில்லி விழித்துக்கொள்ளும் வரை நமது மாகாண சர்க்கார் காத்திருக்க வேண்டியதில்லை. காப்பீட்டுத் திட்டத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பில் பட்டுவாடா ஆவது சர்க்கார் பணத்திலிருந்தே. பொருத்திய சாதனத்தின் எண்ணும், சர்ஜனே நேரங் குறித்து எழுதிய குறிப்பும் சேராத பில்லைத் திருப்பியனுப்பலாம். அந்தக் குறிப்பின் தமிழ்ப் பிரதி ஒன்று, நோயாளி படுக்கையைவிட்டு வீடு திரும்பும் தினத்திலேயே, கேட்காமலே அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். இலாகா உத்தரவு ஒன்று போதும். சட்டசபையின் வருகிற கூட்டத்தில் நமது அங்கத்தினர்களில் ஒருவராவது எழுந்து சுகாதார மந்திரியாரை இதைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்க்கிறோம்.