அறிவியல் கல்வியும் ஆசிரியர் கூட்டமும்

அரசுப் பள்ளிகளில் அறிவியல் மனப்பாடமாகிவிட்டது என்பது பலரும் கூறும் குறை. பழி முழுவதும் ஆசிரியர் தலையில் விழுகின்றது. அவருக்கு நாம் அளித்த துணை யாது என வினவுவார் இலர்.

இன்று நர்மதாபுரம் எனப்படும் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அரிய முயற்சி தொடங்கிற்று. மாணவர் தாமே சோதனை செய்து, கண்டதைக் குறித்து, விவாதித்து முடிவு காண்பர். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். (நம்மவர் கேட்டால் திடுக்கிடுவர்!) 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது, 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதனைப் பேணி வளர்த்தது.

அத்திட்டத்தின் உயிர்நாடி ஆசிரியர்களின் மாதக் கூட்டமே என்பது என் கருத்து. கோடை விடுமுறையில் தில்லிப் பல்கலைக்கழகத்தார் போன்ற அறிஞர்களோடு பயின்ற ஆசிரியர்கள், பின்னர் மாதந்தோறும் கூடி, பிழைத்துப்போன சோதனைகளையும் விடையறியா வினாக்களையும் தம்முள் ஆராய்ந்தனர். மாணவன் முன் "தெரியாது, பார்ப்போம்" எனக் கூறும் துணிவு வேறெவ்வாறு வரும்?

2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. சோதனைப் பெட்டிகளை மீண்டும் வாங்கலாம். முப்பதாண்டுப் பழக்கத்தை ஓர் அரசாணையால் மீட்க இயலாது. நம் பள்ளிகளுக்கு ஆய்வுக்கருவிகள் வழங்க முன்வருவோர், ஆசிரியர் கூடிப் பேச மாதம் ஒரு நாளையும் கேட்டுப் பெற்றுத் தருவாராக.